வாசகர் கேள்வி – பதில்: கத்தியின் அலகை எங்கிருந்து எங்கு வரை அளப்பது?

கத்தி எடுத்துச் செல்வது தொடர்பாக வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த கடிதங்கள் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். அலகு, வாய், முதுகு, பிடி என்று கத்தியின் உறுப்புகளுக்கு நம் மொழியில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. சட்டம் ‘நீளம்’ என்று சொல்லும்போது இவற்றில் எதைக் கருதுகிறது என்பதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள்.

கேள்வி: என் பிறந்த நாளுக்கு மகன் ஒரு மடக்குக் கத்தி வாங்கித் தந்தான். பிடி முடியும் இடத்திலிருந்து முனை வரை ஸ்கேல் வைத்தால் 82 மில்லிமீட்டர் வருகிறது. கூர் தீட்டிய பகுதியை மட்டும் அளந்தால் 72 மில்லிமீட்டர்தான். பழம் நறுக்கவும் பார்சல் பிரிக்கவும் இதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், ஈஸ்ட் ஹாம், லண்டன்

பதில்: நீங்கள் இரண்டு விதமாகவும் அளந்து எழுதியது மிகவும் நல்லது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் உள்ள 1988-ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139-ஆம் பிரிவு, பொது இடத்தில் கூர்முனையோ அலகோ கொண்ட பொருளை வைத்திருப்பதைக் குற்றமாக்கிவிட்டு, மடக்கிப் பையில் வைக்கும் கத்திக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கும், கத்தியின் வெட்டும் விளிம்பு 3 அங்குலத்தை, அதாவது 76.2 மில்லிமீட்டரைத் தாண்டாதவரைதான் செல்லும். சட்டம் குறிப்பிடுவது வெட்டும் விளிம்பை, அதாவது கத்தியின் வாயை. பிடியை ஒட்டிக் கூர் தீட்டப்படாமல் கிடக்கும் அடிப்பகுதி அந்தக் கணக்கில் வராது. ஆகவே உங்கள் கத்தியின் அளவு 72 மில்லிமீட்டர்தான். நீளத்தைப் பொறுத்தவரை அது எல்லைக்குள் இருக்கிறது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். வாய் வளைந்திருந்தால், நேர்கோட்டில் அளப்பதைவிட வளைவோடு அளக்கும்போது சில மில்லிமீட்டர் கூடுதலாக வரும். கத்தியைத் திறந்து ஒரு வெள்ளைத்தாள்மீது வைத்து, பென்சிலால் அதன் வடிவத்தை வரைந்துகொள்ளுங்கள். கூர் தொடங்கும் இடத்தையும் முனையையும் குறித்துவிட்டுக் கத்தியை மடக்கி ஒதுக்கிவிடுங்கள். பிறகு அந்தக் கோட்டின்மீது நூலை வைத்து அளந்தால் விரலுக்கு ஆபத்தில்லை, அளவும் துல்லியமாகக் கிடைக்கும். இரண்டு அளவுகளில் பெரியது 76 மில்லிமீட்டருக்குள் இருந்தால்தான் நிம்மதி.

ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விதான் முக்கியமானது: அந்தக் கத்தியில் லாக் இருக்கிறதா? திறந்ததும் அலகு பூட்டிக்கொண்டு, ஒரு பொத்தானையோ வளையத்தையோ அசைத்தால்தான் மீண்டும் மடங்கும் என்றால், அது சட்டத்தின் பார்வையில் மடக்குக் கத்தியே அன்று. 1993-ஆம் ஆண்டின் ஹாரிஸ் வழக்கில் உயர் நீதிமன்றம் அப்படித்தான் முடிவு செய்தது. 1998-இல் டீகன் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. பிரெஞ்சு ஓப்பினல் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 6-ஆம் எண் கத்தியின் அலகு 3 அங்குலத்துக்கும் குறைவானது. எனினும் அதன் கழுத்தில் உள்ள உலோக வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்வதால், தகுந்த காரணம் இல்லாமல் அதைத் தெருவில் எடுத்துச் செல்ல முடியாது. சுவிஸ் கத்திகளிலும் இதே வேறுபாடு உண்டு. விளம்பரத்தில் ‘91 மில்லிமீட்டர்’ என்று போடுவது மூடிய நிலையில் கத்தியின் முழு நீளத்தைத்தான். 111 மில்லிமீட்டர் வகைகளில் பெரும்பாலானவற்றின் அலகு பூட்டிக்கொள்ளும்.

உங்கள் கத்தியில் லாக் இல்லையென்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். இருந்தால் வீட்டுக்குள் பழம் நறுக்க மட்டும் பயன்படுத்துங்கள். மடக்க முடியாத கத்திகளுக்கு 3 அங்குல விலக்கு சிறிதும் பொருந்தாது. விரல் நீளமே உள்ள காய்கறிக் கத்தியானாலும், அதை வெளியே கொண்டுசெல்ல வேலை, சமயம், தேசிய உடை போன்ற ஒரு நியாயமான காரணத்தை நீங்களே நிறுவ வேண்டும். 2005-இல் ஒரு வழக்கில், கூரோ முனையோ இல்லாத வெண்ணெய்க் கத்திகூட அலகுள்ள பொருள்தான் என்று தீர்ப்பாயிற்று. நீங்கள் நினைக்கும் காரணங்கள் எல்லாம் அங்கே எடுபடும் என்று எண்ண வேண்டாம். காரில் கிடந்ததை மறந்துவிட்டேன் என்பது மட்டும் போதிய காரணமாகக் கொள்ளப்படுவதில்லை. உச்சபட்சத் தண்டனை 4 ஆண்டு சிறை.

கேள்வி: நான் ஒரு முதியோர் இல்லத்தில் இரவுப் பணி செய்கிறேன். விடியற்காலையில் பேருந்து நிறுத்தம் வரை தனியாக நடக்க வேண்டியிருக்கிறது. அளவில் சிறிய கத்தி ஒன்றைப் பாதுகாப்புக்காகக் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்குமா?
– ஒரு வாசகி, ஹாரோ, லண்டன்

பதில்: வேண்டாம், அம்மா. உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்த ஒன்றில் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ‘யாராவது தாக்கினால் உதவும்’ என்ற பொதுவான அச்சத்தை இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் நியாயமான காரணமாக ஏற்பதில்லை. அது மட்டுமன்று: லாக் இல்லாத, 3 அங்குலத்துக்கும் குறைந்த மடக்குக் கத்தியை வைத்திருப்பவர், காவலரிடம் ‘தற்காப்புக்காக வைத்திருக்கிறேன்’ என்று சொன்ன மாத்திரத்தில், அந்தக் கத்தி ஆயுதம் என்ற கணக்கில் சேர்ந்துவிடக்கூடும். அளவு தரும் பாதுகாப்பை நோக்கம் எடுத்துவிடுகிறது. மிளகுத்தூள் ஸ்பிரேயும் அந்நாட்டில் 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டத்தால் தடை செய்யப்பட்டதே. இழுத்தவுடன் உரக்க ஒலிக்கும் தனிநபர் அலாரம் சட்டப்படி வைத்துக்கொள்ளக்கூடியது, விலையும் குறைவு. பணி முடியும் நேரத்தில் இருவர் சேர்ந்து வெளியேறும்படி முறைமாற்றம் செய்து தருமாறு இல்லத்தின் மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

கேள்வி: நான் கேட்டரிங் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 10 அங்குல செஃப் கத்தி உள்பட ஆறு கத்திகளைச் சுருட்டுப் பையில் வைத்துத் தினமும் மின்சார ரயிலில் தாம்பரத்திலிருந்து போய்வருகிறேன். 9 அங்குலத்துக்கு மேல் இருந்தால் குற்றம் என்று நண்பன் சொல்கிறான். உண்மையா?
– ஒரு மாணவர், சென்னை

பதில்: உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. 9 அங்குலம் என்ற எண் ஆயுத விதிகளின் முதல் அட்டவணையில், ஐந்தாம் வகையின்கீழ் வருகிறது. வாள், குத்துவாள், ஈட்டி ஆகியவற்றோடு, 9 அங்குலத்தைவிட நீளமான அல்லது 2 அங்குலத்தைவிட அகலமான அலகு கொண்ட கத்திகளும் அந்த வகையில் சேர்கின்றன. 1962-ஆம் ஆண்டின் விதிகளில் இருந்த இந்த வரையறை 2016-ஆம் ஆண்டின் புதிய விதிகளிலும் தொடர்கிறது. ஆனால் அதே வாக்கியத்திலேயே, வீட்டு உபயோகத்துக்கும் வேளாண்மைக்கும் அறிவியலுக்கும் தொழிலுக்கும் வடிவமைக்கப்பட்டவை நீங்கலாக என்று எழுதியிருக்கிறது. மூலமான 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், வீட்டுக்காகவும் வேளாண்மைக்காகவும் மட்டுமே செய்யப்பட்ட பொருள்களை ‘ஆயுதம்’ என்ற சொல்லின் பொருளிலிருந்தே விலக்கி வைக்கிறது. காய் நறுக்கச் செய்த செஃப் கத்தி 25.4 சென்டிமீட்டர் இருந்தாலும் அதன் வடிவமைப்பு சமையலுக்கானது. நம் வீடுகளின் அரிவாள்மணையும் வயல்வேலை அரிவாளும் கவலையின்றிப் புழங்குவது இந்த விலக்கினால்தான்.

நண்பர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. விதி ‘அல்லது’ என்று சொல்வதால், நீளம் குறைவாக இருந்தும் அகலத்தினால் எல்லையைக் கடக்கும் கத்திகள் இருக்கின்றன. அகலத்தை முதுகிலிருந்து வாய் வரை, அலகு எங்கே மிக அகலமாக இருக்கிறதோ அங்கே, குறுக்காக அளக்க வேண்டும். செஃப் கத்தியின் அடிப்பகுதி 2 அங்குலத்தை, அதாவது 5.08 சென்டிமீட்டரை, நெருங்கும். இறைச்சி வெட்டும் கத்தி அதை எளிதாகத் தாண்டும். அவற்றையும் காப்பது அவற்றின் பயன்பாடுதான். மேலும் இத்தகைய கத்திகளை வைத்திருப்பதற்கே உரிமம் தேவை என்ற நிலை, அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவின்கீழ் அரசு அறிவிக்கை வெளியிட்ட பகுதிகளில்தான் ஏற்படுகிறது. அப்படி அறிவிக்கப்பட்ட இடத்தில் உரிமமின்றி வைத்திருந்தால் 25-ஆம் பிரிவின்படி ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

இதெல்லாம் சட்டப் புத்தகத்தில் இருப்பது. நடைமேடையில் உங்கள் பையைத் திறக்கச் சொல்லும் காவலர் முதலில் பார்ப்பது, கத்திகள் எப்படி வைக்கப்பட்டிருக்கின்றன என்பதைத்தான். ஒவ்வொரு கத்திக்கும் உறை போட்டு, சுருட்டுப் பையை நாடாவால் கட்டி, அதைத் தோள்பையின் அடியில் வையுங்கள். கல்லூரி அடையாள அட்டையோடு, செய்முறை வகுப்புக்காக இக்கருவிகளை எடுத்து வர வேண்டும் என்று துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றும் இருக்கட்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆம் பிரிவின்கீழ், பழைய 144 தடையுத்தரவு போன்ற ஆணை உங்கள் பகுதியில் நடப்பில் இருக்கும் நாள்களில், முடிந்தால் கத்திகளைக் கல்லூரி லாக்கரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ரயிலில் எக்காரணம் கொண்டும் கத்தியை வெளியே எடுக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் ஆப்பிள் நறுக்கக் கேட்டாலும் சரி.

கேள்வி: வேலை மாற்றலாகித் தில்லி வந்திருக்கிறேன். பொத்தானை அழுத்தினால் திறக்கும் சிறிய கத்தி ஒன்றைச் சந்தையில் பார்த்தேன். 9 அங்குலம் இல்லையே, வாங்கலாம்தானே?
– ஒரு வாசகர், கரோல் பாக், தில்லி

பதில்: வாங்க வேண்டாம். தில்லிக்கென்று 1980-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியான தனி அறிவிக்கை ஒன்று, ஸ்பிரிங்கினாலோ பொத்தானாலோ வேறு விசையாலோ திறந்து மூடும் கத்திகளுக்கு, நீளத்தில் 7.62 சென்டிமீட்டர், அகலத்தில் 1.72 சென்டிமீட்டர் என்ற எல்லைகளை வைத்திருக்கிறது. அந்த அளவையோ அதற்கு மேலோ எட்டினால் அறிவிக்கைக்குள் வந்துவிடும். 7.62 என்பது நம் லண்டன் வாசகரின் அதே 3 அங்குலம்தான். ஆனால் அங்கே கூர்விளிம்புக்கு வைத்த எல்லை, இங்கே அலகுக்கு வைக்கப்பட்டிருக்கிறது. தில்லிக் காவல்துறையினர் கைப்பற்றிய கத்தியை வெள்ளைத்தாளில் வைத்து அதன் உருவத்தை வரைந்து, அலகின் நீளம், பிடியின் நீளம், அலகின் அகலம் எனத் தனித்தனியே குறித்து வழக்கு ஆவணத்தில் சேர்ப்பது வழக்கம். அந்த வரைபடம்தான் பின்னர் நீதிமன்றத்தில் பேசும். அந்த அறிவிக்கை தயாரிப்பையும் விற்பனையையும் விற்பனைக்காக வைத்திருப்பதையும் நோக்கியது என்று வழக்கறிஞர் வாதிட வழி இருக்கலாம். அந்த வாதம் வெற்றி பெறும் வரை நீதிமன்ற வாசலில் காத்து நிற்பது உங்கள் வாழ்நாள்தான்.

கேள்வி: ஈஸ்ட் ஹாமில் இருக்கும் என் அண்ணன் வைத்திருப்பது போன்ற மடக்குக் கத்தியையே எனக்கும் வாங்கியிருக்கிறேன். அலுவலகப் பையில் வைத்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், டோக்கியோ

பதில்: அண்ணனுக்கு 72 மில்லிமீட்டராக இருக்கும் அதே கத்தி, உங்களுக்கு 82 மில்லிமீட்டர். ஜப்பான் விதிமுறை அளக்கும் முறையையே எழுதி வைத்திருக்கிறது: கத்தியின் முனைக்கும், முனைக்கு மிக அருகில் இருக்கும் பிடியின் புள்ளிக்கும் இடையே நேர்கோடு. கூர் தீட்டாத அடிப்பகுதியும் அதில் சேர்ந்துவிடும். பிடி எங்கே முடிகிறது, அலகு எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாத கத்திகளுக்கும் வழி சொல்லியிருக்கிறார்கள். தச்சர்கள் குறியிடப் பயன்படுத்தும், ஒரே இரும்புப் பட்டையாக இருக்கும் ‘கிரிதாஷி’ போன்றவற்றின் முழு நீளத்தை அளந்து, அதிலிருந்து 8 சென்டிமீட்டரைப் பிடிக்கென்று கழித்துவிட வேண்டும். அளவை இவ்வளவு பொறுப்போடு வரையறுத்த சட்டத்தைப் பார்க்கும்போது எனக்கு மதிப்பு உண்டாகிறது. குடிமகன் தன் வீட்டு மேசையிலேயே அளந்து விடை காண முடிகிறதல்லவா!

ஜப்பானின் துப்பாக்கி மற்றும் வாள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி, 6 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அலகு கொண்ட கத்தியை வேலை முதலிய நியாயமான காரணமின்றி எடுத்துச் செல்லக் கூடாது. மீறினால் 2 ஆண்டு வரை சிறையோ 3 லட்சம் யென் வரை அபராதமோ விதிக்கப்படலாம். மடக்குக் கத்திக்கு 8 சென்டிமீட்டர் வரை சலுகை உண்டு. ஆனால் அலகின் அகலம் 1.5 சென்டிமீட்டரையும் தடிமன் 2.5 மில்லிமீட்டரையும் தாண்டக் கூடாது, திறந்த அலகை நிலைநிறுத்தும் லாக்கும் இருக்கக் கூடாது. உங்கள் கத்தி அந்தச் சலுகையையும் 2 மில்லிமீட்டரால் இழக்கிறது. இருபுறமும் கூருள்ள குத்துவாள்களுக்கு விதி இன்னும் கடுமையானது: 2008-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அகிஹபாராவில் நடந்த கொலைகளுக்குப் பின் திருத்தப்பட்ட சட்டம், 5.5 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உள்ளவற்றை வீட்டில் வைத்திருப்பதையே தடை செய்துவிட்டது.

6 சென்டிமீட்டருக்குக் குறைந்த கத்தி என்றால் கவலையில்லை என்றும் முடிவு செய்துவிடாதீர்கள். சிறு குற்றங்கள் சட்டம், காரணமின்றி மறைத்து எடுத்துச் செல்லும் கத்திக்கு நீளமே பார்ப்பதில்லை. முகாமுக்குப் போகும் நாளில் முகாம் சாமான்களோடு கட்டி எடுத்துச் செல்லுங்கள்; திரும்பியதும் அலமாரியில் வையுங்கள். ‘எப்போதாவது தேவைப்படும்’ என்று அலுவலகப் பையில் கிடப்பதுதான் சிக்கலைக் கொண்டுவரும்.

கேள்வி: ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் மகளிடம் போகிறேன். வெற்றிலைப் பெட்டியோடு பாக்குவெட்டியும் கைப்பையில் இருக்கும். விமானத்தில் விடுவார்களா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: பாக்குவெட்டியைப் பெரிய பெட்டிக்குள் வைத்துச் சரக்கில் போட்டுவிடுங்கள், வெற்றிலைப் பெட்டியில் சீவிய பாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய விமான நிலையங்களில் கைப்பையில் கத்திக்கு இடமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 6 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அலகைத் தடுக்கிறது. கத்தரிக்கோலாக இருந்தால் இரு அலகுகளும் சேரும் ஆணியிலிருந்து முனை வரை அளக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அமெரிக்காவிலும் கத்தரிக்கோலை ஆணியிலிருந்துதான் அளக்கிறார்கள். அங்கே எல்லை 4 அங்குலம். ஆனால் கத்திக்கு அங்கே இடமில்லை. 2013 மார்ச்சில் 6 சென்டிமீட்டருக்குக் குறைந்த சிறு கத்திகளை அனுமதிக்கப்போவதாக அறிவித்து, விமானப் பணியாளர்களின் எதிர்ப்பினால் அதே ஆண்டு ஜூனில் அந்த முடிவைக் கைவிட்டார்கள். இந்தியாவுக்குள் பறக்கும் விமானங்களில் சீக்கியப் பயணிகளின் கிர்பானுக்கு மட்டும் தனி அளவு உண்டு: அலகு 6 அங்குலம், முழு நீளம் 9 அங்குலம், இரண்டையும் தாண்டக் கூடாது.

கேள்வி: அரிவாளும் கத்தியும் செய்து இணையம் வழியாக விற்கிறோம். வெளிநாட்டிலிருந்தும் கேட்கிறார்கள். விளம்பரத்தில் எந்த நீளத்தைப் போடுவது?
– ஒரு பட்டறை உரிமையாளர், சிவகங்கை மாவட்டம்

பதில்: இரண்டையும் போடுங்கள்: கூர் தீட்டிய வாயின் நீளம், முனையிலிருந்து பிடி வரை உள்ள நேர்கோட்டு நீளம். இவற்றோடு அகலத்தையும் தடிமனையும் சேர்த்துவிடுங்கள். அமெரிக்கக் கத்தி உற்பத்தியாளர்களின் அமைப்பு பரிந்துரைப்பது இரண்டாவது முறையைத்தான். கிடைக்கும் அளவை அருகில் உள்ள எட்டில் ஒரு அங்குலத்துக்குக் கீழ்நோக்கி முழுமையாக்கச் சொல்கிறது. நம் லண்டன் வாசகரின் 82 மில்லிமீட்டர் அந்தக் கணக்கில் 3⅛ அங்குலமாகிவிடும். ஆனால் அது பரிந்துரைதான், எல்லா ஊரின் சட்டமும் அன்று. ஆகவே நீங்கள் மில்லிமீட்டரிலேயே, முழுமையாக்காமல் எழுதுங்கள்.

வளைந்த அரிவாளுக்கு இது இன்னும் முக்கியம். இங்கிலாந்தில் மடக்குக் கத்தியின் வாயை அளக்கும் அதே சட்டம், 50 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள வளைந்த வாள்களை 2008 முதல் தடை செய்தபோது, பிடியின் மேற்புறத்திலிருந்து முனை வரை நேர்கோட்டில் அளக்க வேண்டும் என்று வேறொரு முறையைச் சொல்லிவிட்டது. மரபான முறையில் கையால் அடித்துச் செய்த வாள்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஆயினும் உங்கள் பட்டறைப் பொருள் அந்த விலக்குக்குள் வருமா என்பதை, பார்சலை அனுப்பும் முன்பே அந்நாட்டு வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அனுப்பும் ஒவ்வொரு அரிவாளையும் தாளில் வைத்து வரைந்து, அளவுகளைக் குறித்து, ஒரு படியைப் பார்சலுக்குள்ளும் ஒரு படியை உங்கள் கோப்பிலும் வையுங்கள்.